ஏழு நிமிடப் புல்

சாட்ஸ்வொர்த்தில், எங்கள் தெருவில்
பாதி மழித்த முகம்போல ஒரு முற்றம் தெரிந்தால்
அது என் வீடு.

டர்பன் துறைமுகத்தில்
இருபத்திரண்டு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன்.
டன் கணக்கில் கோணாமல் அடுக்கியவன்
இப்போது தலையணையை நகர்த்த
நாள் பார்க்கிறேன்.

இரண்டு ஆபரேஷன்.
படத்தில் குறையே இல்லை என்றார்கள்.
குறையில்லாத அந்தப் படம் அலமாரி மேல் இருக்கிறது,
எடுக்க எனக்குக் கை எட்டாது.

பிறகு மனசுக்கு வைத்தியம் பார்க்கிறவளிடம் அனுப்பினார்கள்.
"அப்போ நடிக்கிறேன்னு முடிவு பண்ணிட்டீங்க" என்றேன்,
நாற்காலியைத் தொடும் முன்பே.
நொன்டொபெகோ, என் மகள் வயது,
மறுக்க அவசரப்படவில்லை.
"உட்காருவது கஷ்டமா, நிற்பதா?"
"ரெண்டும்."
அவளும் எழுந்துகொண்டாள்.
அன்று முழுக்க நின்றபடியே பேசினோம்
ஜன்னலோரம்,
பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இருவர்போல.

பத்துக்கு எத்தனை வலி என்று கேட்கவில்லை.
நல்ல நாளில் என்ன செய்வீர்கள் என்றாள்.
நல்ல நாளில் புல் வெட்டுவேன்.
முற்றம் பூராவும், ஓரம் பூராவும்,
பக்கத்து வீட்டு வேலியடியும்.
அப்புறம்?
அப்புறம் நாலு நாள் சீலிங்.
அந்த நாலு நாளும் நீலாவதி
கதவை மெல்லச் சாத்துவாள்.
அந்த மெல்லத்தைத்தான் தாங்க முடியாது.

முட்டை வேகவைக்கும் மணி ஒன்று வாங்கச் சொன்னாள்.
ஏழு நிமிடம். அடித்ததும் நிறுத்தவேண்டும்.
வலித்தால் அல்ல,
வலிக்காவிட்டாலும்.

ஓடுகிற எந்திரத்தை ஓடும்போதே அணைக்க
யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.
முதுகில் கொக்கி மாட்டிக் காவடி எடுக்கும் மச்சான்
"மனசு வச்சா வலி தெரியாது, பூபாலா" என்பான்.
மச்சான்,
உன் கொக்கியை மதியம் கழற்றிவிடுவார்கள்.

முதல் வாரம் மணியை ஏமாற்றினேன்.
வியாழன் வரை படுக்கை.
இரண்டாம் வாரம் ஏழாவது நிமிடத்தில் நிறுத்தி
புல்வெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி அழுதேன்.
வலியால் இல்லை.
எதிர்வீட்டு மூட்லி கார் கழுவிக்கொண்டே
என்னைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டார்.

ஞாயிறு ஒரு பட்டை. திங்கள் ஒரு பட்டை.
கடைசிப் பட்டைக்கு வருவதற்குள்
முதல் பட்டை கணுக்காலைத் தொடுகிறது.
முற்றம் முடிவதே இல்லை
என்று புகாராகத்தான் சொன்னேன்.

"இந்த வியாழக்கிழமை எங்கே இருந்தீர்கள்?"
"முற்றத்தில்."
"வலி?"
"அதுவும் வந்திருந்தது."

இன்று புதன். நாலாவது பட்டை.
மணியைத் திருகி மதில்மேல் வைக்கிறேன்.
பெட்ரோல் தீரும்போல் இருக்கிறது.