வெள்ளிக்கிழமைத் தாள்

பதினொன்றரைக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும்.
புனித ஃபெகின் பள்ளியில் இருநூற்றுப் பன்னிரண்டு பையன்கள்,
இருநூற்றுப் பன்னிரண்டு பைகள்.
அடியில் நசுங்கிய வாழைப்பழத்தோடு
என் தாளும் கிடக்கும் ஞாயிறு வரைக்கும்.
பரவாயில்லை. சில அம்மாக்கள் துடைத்துவிட்டுப் படிக்கிறார்கள்.

முதலில் பேன்.
மூன்றாம் வகுப்பில், மறுபடியும். யாருக்கென்று எழுதக் கூடாது;
எழுதாமலே ட்ரோஹெடா முழுக்கத் தெரியும்.
செவ்வாய் நீச்சல்: தொப்பி கட்டாயம்.
தவக்கால உண்டியல்களைத் திருப்பித் தரவும்,
பொத்தான் போட்டவர் யாரோ, அவருக்கும் நன்றி.
டண்டாக் பையன்களோடு கால்பந்து: ஒன்பதுக்கு ஒன்று, தோற்றோம்.
'துணிவோடு ஆடினோம்' என்று எழுதச் சொன்னார்
தலைமையாசிரியர் கெல்லஹர்.
அந்த ஒன்றும் அவர்கள் ஆள் காலில் பட்டு உள்ளே போனது.
அதை எழுதவில்லை.

கண்டெடுத்த பொருள்கள்:
கையுறை மூன்று, மூன்றும் வலது.
ஒரு பல், உறையில், பெயரில்லாமல்.
கறுப்பு ஷூ ஒன்று, இடது கால், அளவு இரண்டு.

மூன்று வாரமாய் இதே வரியை அடிக்கிறேன்.
ஒற்றை ஷூவைத் தொலைத்தவன்
எப்படி வீட்டுக்கு நடந்தான் என்று
விரல்கள் கேட்டதில்லை. இன்று கேட்டன.

ஜன்னலுக்கு வெளியே வரிசை.
சாம்பல் கால்சட்டைகளுக்குக் கீழே
கறுப்பு, கறுப்பு, கறுப்பு,
நடுவில் ஆரஞ்சு நிறக் கால்பந்து பூட்ஸ்.
லோர்கன் கிரில்லி, இரண்டாம் வகுப்பு.
தாழ்வாரத்தில் டக் டக்கென்று போவான்.
அதட்டினால், 'இதுதான் பிடிக்கும் மிஸ்.'

கூப்பிட்டு, ஷூவை மேசைமேல் வைத்தேன்.
அடுத்த வீட்டு நாயைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.
"இன்னொன்று எங்கே?"
"பாயின் ஆற்றில்."
பாலத்திலிருந்து எறிந்தால் அக்கரை போகும் என்று பந்தயம்.
பாதிகூடப் போகவில்லை.
"ஆனா கொஞ்ச நேரம் மிதந்தது மிஸ்."
குரலில் ஒரு பெருமை.
இடதைப் பெட்டியில் போட்டது அவனேதான்.
"ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

அப்பா க்ளோகர்ஹெட் படகில், இறால் ஏமாற்றிய வருஷம்.
அம்மா அந்த ஷூவை வாங்கியது
மே மாதப் புதுநன்மைக்கும் சேர்த்து.
பள்ளிக்கூடத்தில் பத்திரமாய் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான்.
பாதி உண்மை.

தாளுக்குத் திரும்பினேன்.
புதுநன்மை, மே பதினாறு, காலை பதினொன்று.
வெள்ளைச் சட்டை. சிவப்பு ரிப்பன். கறுப்பு ஷூ.
கடைசி இரண்டு சொல்லை அழித்தேன்.
'காலில் ஏதாவது' என்று அடித்தேன்.

கெல்லஹர் கண்ணாடியை மூக்கில் இறக்கினார்.
"ஏதாவதா?"
"பேதுருவிடம் பாலிஷ் போட்ட ஷூ இருந்ததா சார்?"
அவர் ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்திவிட்டுப் போனார்.

மே பதினாறு.
மெழுகு தேய்த்த கோவில் தரை,
ஆர்கன் நின்ற இடைவெளியில்
டக், டக், டக்.
மூன்றாவது பெஞ்சில் கிரில்லியின் அம்மா.
காதுக்குத்தான் முதலில் தெரிந்தது, கண்ணுக்கு அப்புறம்.
ஃபாதர் மாஹன் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார்,
"கிறிஸ்துவின் உடல்" என்றார்.
"ஆமென்" என்றான், வேண்டியதைவிடச் சத்தமாக.
அவனுக்குப் பின்னால் சிடுபெம் ஒகாஃபோர்.
'ஏதாவது' என்பதை எழுத்துக்கு எழுத்து நம்பியவன்:
தவளைக் கண் வைத்த பச்சை ரப்பர் பூட்ஸ்.

அடுத்த வெள்ளி.
புகைப்படங்கள் வந்துவிட்டன, ஒன்று மூன்று யூரோ.
பேன் போய்விட்டது, இப்போதைக்கு.
கோவில் தரை மெழுகில் சின்னச் சின்னக் குழிகள்,
யாரென்று விசாரிக்கவும் எனப் பங்கிலிருந்து கடிதம்.
தாளில் இடமில்லை.
கண்டெடுத்த பொருள்கள்:
ஷூ ஒன்று, இடது.
உரியவர் அலுவலகத்துக்கு வரலாம்.
வருமுன் சொல்லிவிட்டு வரவும்.
அதில் என் பேனாக்கள் நிற்கின்றன.