மும்முனை நேரம்

பாலக்கோடு. இரவு பதினொன்றரை.
ஒன்பதாம் முறையும்
ஜன்னல் படம் வந்து, நீலமாகி,
செத்தது.

ரேமைக் கழற்றி
மகளின் ரப்பரால் தேய்த்தேன்.
காசளவு பேட்டரியை மாற்றினேன்.
இனி தேதியாவது
இரண்டாயிரத்து ஒன்பதுக்கு ஓடாது.
விசிறி இடுக்கில் ஒரு பல்லிமுட்டை ஓடு;
அதையும் குற்றவாளியாக்கிப் பார்த்தேன்.

பத்தாம் முறை
பொத்தானை விட்டு விரலை எடுக்கவில்லை,
குண்டு பல்பு சட்டென்று பழுத்தது.
வயலுக்கு அப்பால்
திம்மராயன் மோட்டார்
இருமி எழுந்தது.
என் பெட்டி விழுந்தது.

பதினொன்றுக்கு மேல்தான்
அவருக்கு மும்முனை கரண்ட்.
யூபிஎஸ் வாங்குவதைப் பொங்கலுக்குத் தள்ளியவன்
நான்.

ஸ்குரூக்களைச் சோடா மூடியில் பொறுக்கிப் போட்டுவிட்டு
சும்மா உட்கார்ந்திருக்கிறேன்,
ஜிஎஸ்டி கணக்கு உள்ளே கிடக்க.
அவர் தக்காளி
குடித்து முடிக்கட்டும்.