மூன்று கிலோ ஆணி

வரலாமா என்று கேட்டு எழுதினேன்.
வா, ஆணி கொண்டு வா, என்று பதில் வந்தது.
கூரைத் தகட்டுக்கு அடிப்பது,
தலையடியில் ரப்பர் வட்டம் உள்ளது,
தீவில் தீர்ந்துவிட்டது.

பெட்டியில் நாலு சட்டையை எடுத்துவிட்டு
மூன்று கிலோ வைத்தேன்.
டொமினிக்காவில் சுங்க அதிகாரி
பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார்.
யாருக்கு?
வெர்லீனா லாரொக்குக்கு.
வரி இல்லை என்றார்.
பிறகு மேசைமேல் குனிந்து, சன்னமாக,
எனக்கு ஒரு பத்து கிடைக்குமா?
எண்ணிக் கொடுத்தேன்.
சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில்
செருகிக்கொண்டார்.

வழியெல்லாம் மலைகள்
வேண்டுதலுக்கு மொட்டை போட்ட குடும்பம்போல்
வரிசையாக உட்கார்ந்திருந்தன.
வண்டி ஓட்டிய ஹெஸ்கித் இடப்பக்கம் காட்டினான்:
பள்ளிக்கூடம்.
அங்கே பள்ளிக்கூடம் இல்லை.
வலப்பக்கம் காட்டினான்:
என் தங்கை வீடு.
அங்கே ஒரு குளியல்தொட்டி இருந்தது,
தொட்டியில் மழைநீர்,
மழைநீரில் ஒரு வாத்து.
நான் கேமராவை எடுக்கவில்லை.
எடுத்துக்கொள், என்றான்,
எடுக்காவிட்டால் மட்டும் திரும்பி வந்துவிடுமா.

வெர்லீனாவின் விடுதியில் நாலு அறை.
மூன்றுக்கு வானம்.
நாலாவதுக்கு நீலத் தார்ப்பாய்.
எனக்கு நாலாவது, வாடகையில் தள்ளுபடி கிடையாது.
பகல் முழுக்க என் கை நீலம், ரொட்டி நீலம்.
இரவில் மழை வந்தால்
தலைக்கு மேல் யாரோ கடலை வறுக்கிற சத்தம்.

காலையில் சேம்பங்கிழங்கு அவித்துத் தந்தாள்.
மண்ணுக்குள் தலை வைத்திருந்ததுதான் பிழைத்தது.
கூடவே டின் மீன்.
ஆறு மாதமாய் இதே மீன், என்றாள்.
கடல் அங்கேதான் இருக்கிறது,
படகுதான் மரத்தில் இருக்கிறது.
நான் சிரித்துவிட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.
தட்டைக் கழுவும்போது சிரித்தாள்.

கூரை வேலையில் பதினோரு ஆணி வளைத்தேன்.
ஒவ்வொன்றையும் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி
ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தாள்.

பின்வாசலில் நின்றால் பள்ளத்தாக்கு.
அதற்கு அப்பால் ஒரு வீடு.
இருபத்தாறு வருஷம்
அந்தப் பக்கம் வெறும் காடு என்றுதான் இருந்தேன்.
குரல் மட்டும் வரும்.
மேடம், மேடம் என்று ஒருத்தன் கெஞ்சுவான்,
பிறகு திட்டுவான்.
யாரோ பணக்காரி,
சம்பளம் சரியாகத் தருவதில்லைபோல என்று நினைத்துக்கொள்வேன்.
புயல் இலையையெல்லாம் உருவிக்கொண்டு போன மறுநாள்
பார்க்கிறேன்:
ஒரு ஆள், ஒரு சுவர், ஒரு ஆடு.
ஆட்டின் பெயர் மேடம்.

பாலம் போய்விட்டது,
சுற்றிப் போனால் அரை நாள்.
அதனால் கை ஆட்டிக்கொண்டார்கள்.
அவன் முதல் தகடு ஏற்றியபோது
இவள் பாத்திரத்தைத் தட்டினாள்.
இவளுக்குக் காய்ச்சல் கண்ட மூன்று நாளும்
அவன் வேலியோரம் நின்றே இருந்தானாம்.
பெயர் தெரியாது.
கத்திக் கேட்கலாம்தான்.

இப்போது மலைக்கு முடி வளர்கிறது.
ஞாயிறு தேவாலயத்தில் அதற்கு நன்றி சொல்கிறார்கள்,
இவளும் எழுந்து நின்று சொல்கிறாள்.
போன வாரம் அவன் வாசற்படி மறைந்தது.
இந்த வாரம் ஆட்டுக்கொட்டில்.

நான் கிளம்பும் நாள் காலை
ஏணியைப் பிடி என்றாள்.
கூரைக்கு என்று நினைத்தேன்.
மாமரத்தில் சாய்த்தாள்,
அவள் நிலத்தில் விழாமல் நின்ற ஒரே மரம்.
இரண்டு கிளையில் கத்தியைப் போட்டாள்.
செம்பு நிறத் தளிர்
என் தலையெல்லாம் உதிர்ந்தது.
காற்று விட்டுவைத்ததை நான் வெட்டுகிறேன்,
பாதிரியாரிடம் சொல்லிவைக்காதே.

இலைகளுக்கு நடுவே
சாப்பாட்டுத் தட்டளவு ஓர் ஓட்டை.
அதில் முதலில் மேடம் தெரிந்தது.
பிறகு அவன்,
முதுகைக் காட்டிக்கொண்டு
அதனிடம் எதற்கோ கெஞ்சிக்கொண்டிருந்தான்.
வெர்லீனா கூப்பிடவில்லை.

கீழே ஹெஸ்கித் ஹார்ன் அடித்தான்.
ஏணியை விடலாமா என்று கேட்டேன்.
இன்னும் கொஞ்சம் பிடி என்றாள்.