பதினான்கு மில்லிமீட்டர்

மகளின் பள்ளிப்பையிலிருந்து
பச்சைக் களிமண்ணைக் கேட்காமல் எடுத்துவந்து
பிக்கப்பின் முன்சக்கர வளைவுக்குள் அப்பினேன்.
லாங்நவ். ஜனவரி. விரல்கள் மரத்துப்போயின.

கம்பெனி ரிம் அப்படியே இருக்கட்டும்.
அதன்மேல் எவ்வளவு பெரிய டயர் என்பதே பேச்சு.
எழுபத்தைந்து, என் ஆசை.
எழுபது, என்றார் கராஜ்காரர் கெர்பர்
வாயில் பேனாவோடு.
என் பிடிவாதத்துக்காகப்
பெரியதையே ஒரு பக்கம் மாட்டிக் காட்டினார்.

ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்தேன்.
சர்ரென்று ஒரு சத்தம்.
இறங்கிப் பார்த்தால்
களிமண்ணைக் கடித்து வைத்திருக்கிறது டயர்.
நாத்தனார் தந்த சோபா
எங்கள் வாசலில் சிக்கி நின்றது நினைவுக்கு வர
சிரித்துவிட்டேன்.

சரி, எழுபதே.
உயரம் கூடுவது பதினான்கு மில்லிமீட்டர்,
என் சுண்டுவிரல் அகலம்.
இதற்கா இரண்டு மாதச் சேமிப்பு?
இதற்குத்தான்.
ட்ரூப் மேட்டுப் பண்ணைக்கு ஏறும் தடத்தில்
நடுவே புடைத்திருந்த பனி
போன வாரம் வண்டியை வயிற்றோடு பிடித்துக்கொண்டது.
பின்னால் பன்னிரண்டு கேஸ் சிலிண்டர்,
அடியில் மண்வெட்டியோடு நான்.

“இனி மீட்டர் எண்பது காட்டினால்
நீங்கள் போவது எண்பத்து மூன்று.
அபராதம் வந்தால் என்னைத் திட்டாதீர்கள்,”
என்றபடி சோதனைக்கான தாளில்
முத்திரை குத்தினார் கெர்பர்.

ஆக, போன தூரத்தைக்
குறைத்தே சொல்லும் என் வண்டி.
எனக்கும் உண்டு அந்தப் பழக்கம்,
அம்மா தொலைபேசியில் கேட்கும்போது.

இரவு
களிமண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் மகள்.
கட்டம் கட்டமாகப் பல்தடம்.
“முதலையா?”
“எழுபத்தைந்து,” என்றேன்.