வீட்டுக்காரிக்குத் தெரியுமா

பைசாந்து நகரத்தில் ஜூலை மாதம்.
ஆற்றுக் காற்று
கதவிடுக்கில் விரல் விட்டுப் பார்க்கிறது.
இருநூறு நாற்காலிகளில் முப்பத்தொரு பேர்,
அதில் ஒருவர் ஹீட்டருக்காக வந்தவர்.
டிக்கெட் கிழிப்பவன் நான்.
படம் விட்டதும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவனும் நான்தான்.
ஆகவே தீர்ப்புகள் எல்லாம்
சூடு ஆறுமுன் என்னிடம் வந்துவிடும்.

கதை இவ்வளவுதான்:
பியானோ மேதைக்காக
பேண்டு வாத்தியத்தோடு காத்திருக்கும் ஊரில்
மாட்டு வைத்தியர் வந்து இறங்குகிறார்.
மேதையோ அடுத்த ஊர்க் கொட்டகையில்
முழங்கை வரை உறை மாட்டப்பட்டு
கன்று ஈனத் தவிக்கும் பசுவின் பின்னால் நிற்கிறார்.
உண்மையைச் சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை.
ஒருவருக்குக் கூச்சம்,
மற்றவருக்குப் பசி.

முதலில் வெளியே வந்தவர் வாஷிங்டன் பிரிஸ்,
இறைச்சிக் கடைக்காரர்.
"உள்ளே இருந்தது செவலைப் பசு.
கன்று போட்டது கறுப்பு வெள்ளைப் பசு.
ஆள்மாறாட்டப் படம் என்றீர்கள், சரி,
மாட்டையுமா மாற்றுவார்கள்?"
கோபமாகத்தான் சொன்னார்,
தோள் மட்டும் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது.

மருந்துக்கடை டெல்மாவின் வழக்கு வேறு.
"உன் பேர் என்ன என்று
ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்டிருந்தால்
பத்தாவது நிமிடம் படம் முடிந்திருக்கும்.
நான் கேட்டிருப்பேன்.
அடையாள அட்டை காட்டாமல்
இருமல் மருந்துகூட என்னிடம் வாங்க முடியாது."

இரண்டு பையன்கள் கொட்டகைக் காட்சியை
நடித்துக்கொண்டே படியிறங்கினார்கள்.
பசுவாக நடித்தவனுக்குத்தான் கைதட்டல்.

இசை ஆசிரியை ஓஃபேலியா சிரிக்கவே இல்லையாம்.
கச்சேரி மேடையில் வைத்தியர்
பியானோவின் வயிற்றில் காதை வைத்து
எங்கே வலிக்கிறது என்று கேட்டாரே,
அங்கே அழுதுவிட்டாளாம்.
"இருபது வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்,
ஒரு பிள்ளைகூட அதை அப்படிக் கேட்டதில்லை."
கண்ணைத் துடைக்கப் பையைத் துழாவினாள்.
கைக்கு வந்தது யாருடையதோ ஒற்றைக் கையுறை.

ஹீட்டர்க்காரர் ஒன்றே ஒன்று கேட்டார்:
"அந்த ரயில் பிறகு எங்கே போனது?"

சண்டை வந்தது வீட்டுக்காரியைப் பற்றி.
வைத்தியருக்கு அறை கொடுத்து
இரவுதோறும் சூப் ஊற்றியவள்.
"இரண்டாம் நாளே அவளுக்குத் தெரியும்,"
என்றாள் நிபியா.
"பூட்ஸில் சாணியைப் பார்த்தாள்,
பேசாமல் துடைத்து வைத்தாள்."
"தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாளே,"
இது அவள் கணவன் மில்டன்.
"தெரிந்ததையெல்லாம் நான் சொல்லியிருந்தால்
நீ இன்றைக்கு என் வீட்டில் இருப்பாயா?"
கார் கிளம்பும் வரை
மில்டன் வாய் திறக்கவில்லை.

எப்போதும் கடைசி ஆள் எர்மீனியோ.
அக்குளில் தெர்மோஸ், கையில் மாத்தே குடுவை.
ஆறு வருடமாகச் செவ்வாய்தோறும்
என்னை ரூபன் என்று கூப்பிடுகிறார்.
நான் ரூபன் இல்லை.
முதல் வாரம் திருத்த வெட்கம்.
இரண்டாம் வாரம் காலம் கடந்துவிட்டது.
அப்புறம் ஒரு நாள்
அண்ணிக்கு முட்டுவலி எப்படி என்றார்,
தேவலை என்றேன்.
மூன்றாம் வருடம்
"அந்த நானூறு பெசோ, ரூபன்," என்றார்.
கொடுத்தேன்.
வேறென்ன செய்வது,
அதற்குள் அது என் கடனாகியிருந்தது.

இன்று கழுத்துத் துணியை இறுக்கியபடி சொன்னார்:
"சிரித்தேன், நம்பத்தான் முடியவில்லை.
ஆளை மாற்றி நினைக்கலாம்,
ஒரு நாள், இரண்டு நாள்.
அதற்கு மேல் யாராவது நினைப்பார்களா?"

கதவு என் கையில் கனத்தது.

"அசல் ரூபன்,"
இரண்டு படி இறங்கிவிட்டுச் சொன்னார்,
"அந்த நானூறைத் தந்திருக்கவே மாட்டான்."

தெருமுனையில் நின்று திரும்பிக்
குடுவையை உயர்த்திக் காட்டினார்:
"அடுத்த வாரம் பார்ப்போம், ரூபன்!"

உள்ளே விளக்குகளைப் போட்டுப் பெருக்கினேன்.
ஆறாம் வரிசையில்
ஜோடி தவறிய இன்னொரு கையுறை.
அதை யாரிடம் கொடுப்பதென்று தெரியும்.
அண்ணியின் முட்டி இப்போது எப்படி இருக்கிறதென்று
யாரிடம் கேட்பது,
அதுதான் தெரியவில்லை.