மூன்றாவது சனிக்கிழமை, மாலை ஐந்து

செவ்வாய்ப்பேட்டைக் கிளை நூலகத்தில்
கடலைப் பற்றிக் கூட்டம்.
மேட்டூர் நிரம்பினாலே கடல் என்கிற ஊர் இது.
நாற்பது நாற்காலி விரித்தேன்.
வந்தது பதினொரு பேர்,
அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

தூத்துக்குடி ஜெசிந்தா பர்னாந்து
ஆணியில் தொங்கிய வெள்ளை வேட்டியில்
கப்பல் பதிவேட்டின் ஒரு பக்கத்தை விழவைத்தார்.
எண். பெயர். தகப்பன் பெயர்.
ஜில்லா: சேலம்.
எழுதியவன் காதில் விழுந்தபடி
ஓமலூர் மூன்று விதமாக.
உயரம் ஐந்தடி ஒன்று.
இடது முழங்காலில் தழும்பு.

மின்விசிறிக் காற்றுக்கு வேட்டி அசைய
அத்தனை பெயரும் ஏறி இறங்கின.

கொலுசுக்குப் பற்றவைக்கும் மாதேசன்
சுட்டுக் கறுத்த விரலைத் தூக்கினார்.
"தழும்பை எதுக்குங்க எழுதுனாங்க?"
"ஓடிப்போனா பிடிக்க."
"நடுக்கடல்ல எங்கங்க ஓடறது?"
யாரோ சிரித்தார்கள்.
"இறங்கின பிறகு. கரும்புத் தோட்டத்தை விட்டு."

அவர் உட்காரவில்லை.
திரும்பி வந்த கப்பலுக்கும் இப்படி நோட்டு உண்டா என்றார்.
உண்டு, மெலிசானது,
கொண்டுவரவில்லை என்றார் ஜெசிந்தா.

தேநீர்க் கோப்பைகளைப் பொறுக்கி,
நாற்காலிகளை மடக்கி,
வருகைப் பதிவேட்டை எடுத்தேன்.
எட்டாவது வரிசை. மாதேசன்.
முகவரிக்கான கட்டத்தில்
கோணல் எழுத்தில்:
இடது புருவம், வெட்டுக்காயம்.

திங்கட்கிழமை மாவட்ட அலுவலகம் போகிற நோட்டு.
பேனாவைத் திறந்தேன்.
முதல் பக்கத்தில் அச்சடித்தே இருக்கிறது,
அடித்தல் திருத்தல் கூடாது.
மூடிவிட்டேன்.