கோரிக்கை எண் 318

விதீன் நகரில் மூன்று பள்ளிக்கும் சேர்த்துக்
கணினி பார்க்கிறவன் நான் ஒருவன்தான்.
திங்களும் வியாழனும் டான்யூப் கரைப் பள்ளி.
ஜனவரியில் ஆற்றின் பனிமூட்டம்
சன்னல்வரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

இயற்பியல் ஆசிரியை ரதொஸ்தினா
செப்டம்பரில் முதல் கோரிக்கை அனுப்பினார்:
"என் டேப்லெட் வகுப்புத் திரையில் தெரியவில்லை."
பதில் எழுதினேன்: "அறியப்படாத சாதனம்."
அமைப்பு அப்படித்தான் சொன்னது.
எனக்கென்னவோ அதை நன்றாகவே தெரியும்:
இடது மூலையில் ஒரு விரிசல்,
முதுகில் பாதி உரிந்த செர்ரிப்பழ ஸ்டிக்கர்.

பள்ளி தந்த மடிக்கணினி கண்விழிக்கப் பதினோரு நிமிடம்.
விழித்தபின்னும்
அனுமதிக்கப்பட்ட மென்பொருளில்
வர்க்கமூலம் வெறும் கட்டமாகிவிடும்.
திசைவேகத்தின் தலைமேல் இருக்க வேண்டிய அம்பு
கழன்று அடுத்த வரியில் விழுந்து கிடக்கும்.
"இதை வைத்துக்கொண்டு திசை எப்படிச் சொல்லித்தர, க்ராசிமிர்?"
என்று கேட்டார் ஒருநாள் மாடிப்படியில்.
நான் சாவிக்கொத்தைப் பார்த்தேன்.

பிறகு ஒரு கேபிள் வாங்கினார்.
கேபிளுக்கு ஓர் அடாப்டர்,
அடாப்டருக்கு இன்னோர் அடாப்டர்.
கைப்பேசி இணையத்தில் சுற்றிவளைத்து நுழைந்தார், இரண்டு நாள்.
மூன்றாம் நாள் பதிவேட்டில் சிவப்பு வரி வந்தது.
தடுத்தவன் நான்தான்.
மறைக்க ஒன்றுமில்லை.

முந்நூற்றுப் பதினெட்டாவது கோரிக்கை
அவருடையதல்ல, அமைப்பே எழுப்பியது:
*அறை 12. சாதனப் பயன்பாடு இல்லை. ஆனால் திரை நாள்தோறும் எரிகிறது. ஆராய்க.*

ஆராயப் போனேன். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றேன்.

பாடப்புத்தகப் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்ட
என்றைக்கோ வாங்கிய கழுத்து நீண்ட கேமரா.
அதன் கீழே, தாளைப்போல, மல்லாந்து கிடந்தது டேப்லெட்.
கேமராவுக்கு எல்லாமே தாள்தான்.
கடவுச்சொல் கேட்கவில்லை, சான்றிதழ் கேட்கவில்லை.
விளக்கின் ஒளி திரையில் வெள்ளை மீனாய் நெளிந்தது.
அதை மறைக்கத் தன் கறுப்புச் சால்வையைக்
கூடாரமாகக் கட்டியிருந்தார்.
சாய்தளம். பெட்டி. விசைகள்.
பேனா இழுத்த இடத்திலெல்லாம் அம்பு
தலைமேலேயே நின்றது.

அப்போதுதான் வந்தது அந்தச் செய்தி.
சுவரில், இரண்டு மீட்டர் அகலத்தில்:
*தவணை 7/24 நிலுவை. பொருள்: டேப்லெட்.*

இருபத்தாறு பேரும் படித்தார்கள். நானும்.
மூடத் தெரிந்த விரல் மூடவில்லை,
ஒரு நொடி, இரண்டு நொடி.

"டீச்சர், உராய்வு அம்பு தலைகீழா இருக்கே?"
கலோயன். சத்தம் கொஞ்சம் கூடுதல்.
அம்பு சரியாகத்தான் இருந்தது.
அது அவனுக்கும் தெரியும்.
"ஏன் இந்தப் பக்கம் என்று நீயே சொல்," என்றபடி
செய்தியை ஒதுக்கித் தள்ளினார்.
அவனுக்குக் காரணம் தெரியவில்லை.
உண்மையாகவே தெரியவில்லை.
வகுப்பு சிரித்தது, அவரும்.

என் அறைக்கு வந்து படிவத்தைத் திறந்தேன்.
காரணம் எழுத நாற்பது எழுத்துகள்தான் இடம்.
*ஆசிரியை தாளில் எழுதுகிறார்.*
பச்சைக் குறி. ஏற்றுக்கொண்டது.

ஜூனில் ஆய்வாளர்கள் அச்சடித்த பட்டியலில்
'மின்வழிப் பாடங்கள்' என்ற பத்தியில்
அவர் பெயருக்கு நேரே ஒரு பூஜ்யம்.
அதைத் திருத்த எனக்கு அதிகாரமில்லை.
கண்டும் காணாமல் இருப்பதுதான்
என்னிடமிருந்த ஒரே அதிகாரம்,
அதையும் செலவழித்துவிட்டேன்.

ஆனால் அது பின்னால் நடந்தது.
அந்த வாரமே சந்தைக்குப் போய்
கண்ணாடியைக் காகிதம்போல் சொரசொரப்பாக்கும்
ஓர் உறை வாங்கினேன், என் காசில்.
எந்தச் சரக்குப் பட்டியலிலும் அது இல்லை.
வியாழன் இடைவேளையில் உட்கார்ந்து ஒட்டினேன்.
விரிசலருகே மூன்று காற்றுக்குமிழ்கள்,
எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

"எதற்கு இது?" என்றார்.
எழுதிக் கொடுத்துவிட்டேனே,
முழுப் பொய்யாக இருக்க வேண்டாமே என்றேன்.